வறட்சியில் புல்வெளி காத்தல்

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பது தமிழிலக்கணம் பயின்றோர் அறிந்ததே. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையையே இளங்கோவடிகள் பாலை என்றார். மழை பொழிந்தால் அந்நிலம் தன் பழைய பெயரை மீண்டும் பெறும். கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் களத்தை வறட்சியில் பேணுவோர் இவ்வுண்மையை நம்பியே தொழில் செய்கின்றனர்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. அஸ்தம்பட்டியில் நின்று வடக்கே நோக்கினால் தெரியும் சேர்வராயன் சரிவுகளும் அக்கோடையில் பழுப்பேறிக் கிடந்தன. தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் காலத்தில், சிலர் பந்தடிக்கும் வெளிக்கு நீர் பாய்ச்சுவது முறையா? இவ்வினா எழுவது இயல்பே. விடை காண, முதலில் சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும்.

பதினெட்டுக் குழிகள் கொண்ட களம் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. பந்தை முதலில் அடிக்கும் மேடை 'டீ'. நடுவில் நீளும் புல்வெளி 'ஃபேர்வே'. அதன் இருமருங்கும் உள்ள கரடான புல் 'ரஃப்'. குழி அமைந்த மென்தளம் 'கிரீன்'. பதினெட்டுக் கிரீன்களையும் கூட்டினால் இரண்டு மூன்று ஏக்கருக்குள் அடங்கிவிடும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க 4,047 லிட்டர் தேவை. நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் எனக் கொண்டால், நூறு ஏக்கருக்கு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் ஆகும். 2019 சூலை 12 அன்று, சென்னையின் தாகம் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து சென்ற முதல் ரயில் ஐம்பது வேகன்களில் சுமந்தது 25 லட்சம் லிட்டர். அது நம் மேட்டூரிலிருந்து குழாய்வழிச் சென்ற காவிரி நீர். ஒரு களத்தை முழுவதும் பசுமையாக வைத்திருக்க நாள்தோறும் ஒரு ரயில் நீரில் ஐந்தில் நான்கு பங்கு வேண்டும்! கிரீன்களை மட்டும் காப்பதாயின் ஒரே ஒரு வேகன் நீர் போதும். வறட்சிக் காலப் பராமரிப்பு முழுவதும் இவ்விரு எண்களுக்கு இடையேதான் நிகழ்கிறது.

2022இல் பிரான்சு நாட்டிலும் இதே கணக்கு வழக்காயிற்று. மக்கள் வீட்டுத் தோட்டத்திற்கு நீர் ஊற்றத் தடை; கோல்ஃப் கிரீன்களுக்கு மட்டும் இரவில் அளவாக நீர்விட அனுமதி. சினங்கொண்ட சிலர் துலூஸ் நகர்ப்புறக் களங்களின் குழிகளைச் சிமெண்டால் அடைத்தனர். அச்செயலை நாம் ஏற்கவில்லை. அச்சினத்தின் காரணம் நமக்கு விளங்காமலும் இல்லை.

கிரீனுக்கு மட்டும் ஏன் இச்சலுகை? அங்குப் புல் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் ஒட்ட வெட்டப்படுகிறது. இலை குறுகினால் வேரும் குறுகும். ஆதலால் முதலில் மடிவது அதுவே. ஃபேர்வேயின் நிலை வேறு. வெப்ப நாடுகளில் அங்கு மிகுதியும் வளர்வது பெர்முடாப் புல். பெயர் அயலாகத் தோன்றினும் அது நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்லே. மணமக்களை அருகுபோல் வேரோடி வாழ்க என வாழ்த்திய முன்னோர் அதன் இயல்பை நன்கு கண்டவர்கள். நீர் அற்றால் அருகு இலையைக் கைவிட்டு, நிலத்தடித் தண்டில் உயிரை ஒடுக்கி உறங்குகிறது. ஆகவே களக்காவலர் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. ஒரு பிடி புல்லைப் பெயர்த்துத் தண்டை நோக்குவர். வெளுத்து உறுதியாக இருந்தால் உறக்கம்; சருகாய் நொறுங்கினால் இறப்பு.

உறங்கும் புல்லுக்குச் செய்யத்தக்க உதவி, அதனைத் தொந்தரவு செய்யாதிருத்தலே. வண்டிகளைப் பாதையிலேயே நிறுத்துவர். தழைச்சத்து உரம் இடார். இட்டால் இலை தழைக்கும், தாகமும் பெருகும். வெட்டும் கத்தியைச் சற்று உயர்த்துவர். கிரீன்களுக்கு விடியுமுன், வாடிய திட்டுகளைத் தேடிக் கைக்குழாயால் நீர்விடுவர். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதினும் இடைவெளி விட்டு ஆழ நனைப்பதே வேரைக் கீழே இழுக்கும். தென்னங்கன்று வளர்த்தோர்க்கு இது புதிதன்று.

அந்நீரும் குடிநீராக இருத்தல் கூடாது என்பது எம் கருத்து. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் வறண்டபோது, அங்குள்ள களங்கள் பல சுத்திகரித்த கழிவுநீரால் பிழைத்தன. அந்நீரில் உப்பு மிகும். மழை வந்து மண்ணைக் கழுவும்வரை அது தங்கும். எனவே உப்பைத் தாங்கும் கடற்கரைப் பாஸ்பாலம் புல்லைச் சில களங்களில் நடுகின்றனர்.

புல்லே இல்லாமலும் இவ்வாட்டம் நடக்கும். தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி என்னும் சுரங்க ஊரில் ஆடுவோர் ஒரு சிறு புற்கரணையைக் கையோடு கொண்டு சென்று, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கின்றனர். அங்குக் கிரீனுக்கு மாற்று, எண்ணெய் கலந்த மணல்தளம். நம் நாட்டிலும் இத்தகைய தளங்கள் உண்டு. அவற்றைப் 'பிரவுன்' என்பர். ஆடி முடித்தவர் அடிச்சுவட்டை இழுத்துச் சமன்செய்தால் போதும்.

மழை பெய்தபின்னரும் அவசரம் ஆகாது. அருகு துளிர்த்ததும் கத்தியை ஓட்டினால், ஒடுங்கியிருந்த தண்டின் எஞ்சிய சேமிப்பும் தீர்ந்துவிடும். சில வாரங்கள் அதனை ஓங்க விட்டு, வேர் பிடித்ததை உறுதிசெய்த பின்னரே பழைய அளவுக்கு இறக்குகின்றனர்.