தம்பலகாமத்து வயலும் வளிமண்டலமும்

நீர் தேங்கிய வயலை வளத்தின் குறியாகக் காண்பது நமது இலக்கிய மரபு. மருதத்திணைச் செய்யுட்கள் தொடக்கம் பள்ளுப் பிரபந்தங்கள் வரை அது இடையறாது தொடர்கிறது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனுடன் இணைத்துப் பேசும் கோணேசர் கல்வெட்டும் இதற்கு விலக்கன்று. இன்றோ, அக்குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயலும் புவி வெப்பமாதல் பற்றிய விசாரணைக்கு உட்பட்டு நிற்கிறது.

நீர் மூடிய மண்ணுக்குள் ஒட்சிசன் செல்வதில்லை. அந்நிலையில் வைக்கோலையும் வேர்க்கழிவுகளையும் சிதைக்கும் நுண்ணங்கிகள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதன் பெரும்பகுதி நெற்பயிரின் உட்குழாய்கள் வழியாகவே மேலெழுந்து வளிமண்டலத்தை அடைகிறது. நூறாண்டுக் கணக்கில், ஒரு தொன் மெதேன் ஏறத்தாழ 27 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தைத் தேக்கவல்லது. பயிர் உறிஞ்சாது எஞ்சும் யூரியாவிலிருந்து நைதரசு ஒட்சைட்டும் பிறக்கிறது. 2019இல் மனித நடவடிக்கைகளால் வெளியான பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 22 வீதம் விவசாயம், காடழிப்பு முதலான நிலப் பயன்பாட்டின் பங்கு என்பர். இவ்விஞ்ஞான உண்மைகளை நாம் மறுக்கவில்லை. கணக்கு எழுதுவோர் யார் என்பதே நமது வினா.

இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 37 மில்லியன் தொன் மெதேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு நிறுவனம் ஒருகால் மதிப்பிட்டிருந்தது. 1991இல் இந்திய விஞ்ஞானிகள் வயல்களிலேயே அளந்தபோது அத்தொகை ஏறத்தாழ 4 மில்லியனாகச் சுருங்கியது. உழவனின் சோற்றுக்காக எழும் வாயுவையும் செல்வரின் மோட்டார் வண்டிப் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என அவ்வாண்டிலேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வாதிட்டனர். பள்ளு நூல்களிலே பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுவான். வயல் யாருடையது என்ற கேள்வி அங்கு எழுவதேயில்லை. இப்புதிய கணக்கிலும் அத்தொழுவின் சாயலை நாம் காண்கிறோம்.

வயலை இடையிடையே உலரவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சினால் மெதேன் பாதியளவு வரை குறையும். நைதரசு ஒட்சைட்டு சற்றுக் கூடலாம். எனினும் மொத்தத்தில் நன்மையே. ஆனால் வயலை உலரவிடத் துணிபவனுக்கு அடுத்த நீர் உரிய நாளில் வரும் என்ற உறுதி வேண்டும். குளத்து மதகு அவன் கையில் இல்லை. வாய்க்காலின் கடைக்கோடியில் விதைப்பவன், நீர் வரும்போது தேக்கிவைப்பதே அறிவுடைமை எனக் கருதுவான். அதனை அறியாமை எனல் தகாது. குத்தகைக்காரனின் நிலை இன்னும் இக்கட்டானது. பிலிப் குணவர்த்தனாவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவனது பாதுகாப்பையே நாடிற்று. பாதுகாப்பற்றவன் புதுமுறையைப் பரீட்சிக்க முன்வரான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. 2022இல் அறுவடையானபோது நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்திருந்தது.