வலிக்கு முன்பே விலகும் கை

மாணவர்களே, சூடான இஸ்திரிப் பெட்டியில் விரல் பட்டதும் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறீர்கள். வலித்ததால்தான் இழுத்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கை விலகத் தொடங்கிய பிறகே உங்களுக்கு வலி தெரிகிறது. நாம் நினைக்காமலேயே நடக்கும் இத்தகைய விரைவான செயலை அனிச்சைச் செயல் என்கிறோம்.

இது எப்படி நடக்கிறது? தோலிலுள்ள ஏற்பிகள் சூட்டை உணர்ந்து மின் துடிப்பை உண்டாக்குகின்றன. உணர் நரம்பணு அத்துடிப்பை முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குக் கொண்டு செல்கிறது. அங்கே இடைநரம்பணு அதைப் பெற்று, இயக்க நரம்பணுவுக்கு அனுப்புகிறது. உடனே கைத்தசை சுருங்குகிறது, கை விலகுகிறது. இந்தப் பாதைக்கு அனிச்சை வில் என்று பெயர். மூளைக்கும் செய்தி போகிறது. ஆனால், அதன் உத்தரவுக்காகத் தண்டுவடம் காத்திருப்பதில்லை.

அதற்காக மூளைக்கு இதில் பங்கே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஊசி போடும்போது வலித்தாலும் கையை அசைக்காமல் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அங்கே மூளைதான் அனிச்சைச் செயலை அடக்குகிறது.

இன்னும் குறுகிய பாதையும் உண்டு. மருத்துவர் முழங்கால் சில்லுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் முன்னே உதைக்கும். இதில் உணர் நரம்பணு இயக்க நரம்பணுவோடு நேரடியாக இணைகிறது. நரம்பணுக்கள் இணையும் இடத்தை 1897இல் ‘சைனாப்ஸ்’ என்று அழைத்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். இவர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சைனாப்ஸைக் கடக்கவும் சிறிது நேரம் பிடிக்கும். முழங்கால் உதையில் ஒன்றை மட்டுமே கடப்பதால், தட்டிய சுமார் 0.05 வினாடியில் கால் அசையத் தொடங்குகிறது.

பூப்பந்தில் ஸ்மாஷைத் திருப்பி அடிப்பதும் அனிச்சைச் செயல் என்று பலர் தேர்வில் எழுதுகிறார்கள். அது தவறு. கண் பார்த்து, மூளை முடிவெடுத்துச் செய்யும் இச்சைச் செயல் அது. பயிற்சியால் வேகம் பெற்றிருக்கிறது, அவ்வளவுதான். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவதற்கே பெரும்பாலோருக்குச் சுமார் 0.25 வினாடி ஆகும்.

சாலையில் பிரேக் பிடிப்பதும் இச்சைச் செயலே. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆனால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் அதற்குள் 16 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஆகவே, சாலையைக் கடக்கும்போது கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். சூட்டிலிருந்து கையைக் காப்பதற்குத் தண்டுவடம் போதும். சாலையில் உங்கள் கண்ணும் மூளையும்தான் உங்களைக் காக்க வேண்டும்.