சைக்கிள் கேட்டதாலதான் அப்பாவுக்கு அப்படி ஆச்சா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரே அறை. ராத்திரியில் குறுக்கே ஒரு பழைய புடவையைக் கட்டிவிடுவார்கள். அதற்கு அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்காது என்று பெரியவர்கள் நம்பினார்கள். எல்லாமே கேட்டது.

நான்காம் வகுப்பு படித்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா வாசலிலேயே சரிந்து விழுந்தார். வாய் கோணிவிட்டது. வலது கையும் காலும் அசையவில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், என் பெயரைச் சொல்லவே திணறினார்.

அப்புறம் வீட்டில் தினமும் சண்டைதான். வாங்கிய கடனுக்கு ஊரில் இருக்கும் அரை ஏக்கரை விற்பதா, வேண்டாமா என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சு முற்றும். ஒருநாள் அத்தை, "ஓ.டி. பார்க்கச் சொல்லி என் தம்பியை இப்படி ஆக்கிட்டே" என்றார். "நானா சொன்னேன் அண்ணி? பாப்பா சைக்கிள் கேட்டாள்னு அவராத்தான் டபுள் ஷிஃப்ட் பார்த்தாரு" என்றார் அம்மா.

புடவைக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன்.

அன்றிலிருந்து எதையுமே கேட்பதை விட்டுவிட்டேன். நோட்டு தீர்ந்தால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். பள்ளிச் சுற்றுலா பற்றி வீட்டில் சொல்லவே இல்லை. "எவ்வளவு பொறுப்பான பொண்ணு!" என்று எல்லோரும் மெச்சினார்கள். அது பொறுப்பு இல்லை, பயம்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அவ்வா ஒருவர் இருந்தார். அவரிடம்தான் கேட்டேன். "எனக்குச் சைக்கிளே வேண்டாம்னு சாமிகிட்ட சொல்லிட்டா, அப்பா கை சரியாயிடுமா அவ்வா?"

அவர் நேராகப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அம்மா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்பாவுக்கு பி.பி. இருந்துச்சு. ஷிஃப்ட் மாறி மாறி வந்ததுல, மாத்திரை வாங்கப் போகாம விட்டுட்டாரு. அதனால வந்தது. கோபத்துல என்னமோ சொல்லிட்டேன். உன் மேல எந்தத் தப்பும் இல்லடா." மாதக்கணக்கில் அடக்கிவைத்த அழுகையை அன்றுதான் அழுது தீர்த்தேன்.

வீட்டில் கெட்டது நடந்தால், 'என்னால்தான்' என்று நினைப்பது சின்னப் பிள்ளைகளின் இயல்பு. வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, சாப்பிட மறுக்கும் பிள்ளை, திடீரென்று படுக்கையை நனைக்கும் பிள்ளை எல்லோருக்கும் உள்ளே இந்தக் கேள்வி இருக்கலாம்.

அவர்களிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும். நோயின் பெயர் என்ன? அது யாராலும் வந்ததில்லை; முக்கியமாக, உன்னால் வரவில்லை. நாளைக்கு உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, உனக்குச் சோறு போட யார் இருப்பார்கள்?

சண்டையின் வேர் பெரும்பாலும் பணம். அதற்கும் வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவிகித ஊதியம் கிடைக்கும். பக்கவாதம் போன்ற நீண்டகால நோய் என்றால், தகுதி உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகும் 80 சதவிகிதம் வரை நீட்டிப்பு உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். எங்கள் வீட்டில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் தருகிறார்கள். அன்றைக்கு இது இருந்திருந்தால் அப்பா மாத்திரையை விட்டிருக்க மாட்டார் என்று அம்மா இப்போதும் சொல்வார்.

மனம் தாங்காதபோது பேச டெலி மானஸ் 14416. பிள்ளைகளே உதவி கேட்க 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அப்பா பிறகு கோல் ஊன்றி நடந்தார். இரண்டு வருடம் கழித்து, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து, "ஓட்டு" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் திணறாமல் வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால், இன்று ராத்திரி பிள்ளையிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள். தூங்கிவிட்டதென்று நினைக்காதீர்கள்.