ஆலைக்குள் ஒளிந்திருந்த அழகு இரதங்கள்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. மோட்டார்க் கார்களுள்ளும் அத்தகைய யானைகள் சில உண்டு. ஓடாது கிடந்தாலும், துருப்பிடித்து உருக்குலைந்து போனாலும், ஆண்டு ஏற ஏற விலையும் ஏறிக்கொண்டே செல்லும் கார்கள் அவை. இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலே பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட கார்கள் பல இவ்வகையின. அவற்றைத் தேடித் திரட்டுவதும், சிதைந்தவற்றைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவதும் மேல்நாட்டிற் பலர் தம் வாழ்நாளையே கொடுத்துப் பயிலும் கலையாக உள்ளன.

“இது செல்வர்களின் பொழுதுபோக்குத்தானே, நமக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், பொருளின்மேல் வைக்கும் ஆசை எந்த எல்லைவரை அழகானது, எந்த எல்லையைக் கடந்தாற் பிழையாகிறது என்பது எல்லோருக்கும் உரிய கேள்வி. அதற்கு விடை தேடுவோர்க்கு, பிரான்சு தேசத்திலே ஒரு கம்பளி நூல் ஆலைக்குள் நிகழ்ந்த கதையைப்போல் உதவுவது வேறில்லை. அக்கதையைக் கூறுமுன், அதன் நாயகனாகிய காரை முதலில் அறிமுகஞ் செய்வோம்.

மொல்செம் ஊரின் சிற்பி

எத்தோரே புகாட்டி 1881 ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தவர். தந்தையார் அழகிய தளபாடங்கள் செய்வதிற் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளின் உருவங்களை வடித்த சிற்பி. கலைஞர் குடும்பத்தில் வளர்ந்த எத்தோரே, இரும்பையும் அலுமினியத்தையும் தமது கலைக்குரிய பொருளாகக் கொண்டார். 1909 இல் அல்சாஸ் மாகாணத்து மொல்செம் என்னும் சிற்றூரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அம்மாகாணம் முதலாம் உலக யுத்தத்தின் பின் பிரான்சுக்கு உரியதாயிற்று.

அங்கே பிறந்த கார்களுள் புகழ் மிக்கது 35 ஆம் வகை. 1924 இல் லியோன் நகரப் பந்தயத்தில் முதன்முதலாகத் தோன்றிய இக்கார், எட்டுச் சிலிண்டர்களும் இரண்டு லீற்றர் கொள்ளளவும் உடைய எஞ்சினைக் கொண்டது. குதிரை லாடத்தை ஒத்த முகப்பும், அலுமினியத்தில் வார்த்த எட்டு ஆரச் சில்லுகளும், பின்னோக்கிக் கூர்ந்து செல்லும் ஒடுங்கிய உடலும் அதன் அடையாளங்கள். சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடைபெற்ற தார்கா புளோரியோ என்னும் கடும் பந்தயத்தில், 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புகாட்டிக் கார்களே வென்றன. 1928 இல் எலிஷ்கா யுங்கோவா என்னும் செக்கோசிலோவாக்கியப் பெண்மணி இவ்வகைக் காரொன்றை அப்பந்தயத்தில் ஓட்டி, ஆடவர் பலரைப் பின்தள்ளி ஐந்தாம் இடத்தைப் பெற்றார் என்பதை நம் மாணவியர் அறிந்து மகிழலாம்.

பந்தயக் கார்களோடு அமையாத எத்தோரே, அரசர்களுக்கென்று “ரோயால்” என்னும் மாபெரும் காரையும் செய்தார். அதன் எஞ்சின் 12.7 லீற்றர் கொள்ளளவுடையது. செய்யப்பட்டவை ஆறே ஆறு. அவற்றுள்ளும் அக்காலத்தில் விலைபோனவை மூன்றே. அதன் முகப்பின் உச்சியிலே பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் யானையுருவம் ஒன்று அமைந்திருந்தது. 1916 இல் மறைந்த தம்பி ரெம்பிராண்ட் வடித்த சிற்பத்தின் வடிவம் அது. நாம் தொடக்கத்தில் யானையைப்பற்றிப் பேசியது வீண்போகவில்லை!

1939 இல் எத்தோரேயின் மைந்தர் ஜான், பந்தயக் காரொன்றை வீதியில் ஓட்டிப் பரீட்சித்தபோது, எதிர்ப்பட்ட சைக்கிள்காரர் ஒருவரைத் தவிர்க்க முயன்று விபத்துக்குள்ளாகி முப்பது வயதில் மாண்டார். 1947 இல் தந்தையாரும் மறைந்தார். பின்னர் சில ஆண்டுகளிலேயே மொல்செமிற் கார் செய்யும் வேலை ஓய்ந்தது. இனிப் புதிதாகப் பிறப்பதற்கில்லை என்றானதும், இருந்தவற்றைத் தேடும் ஆர்வம் மூண்டது.

பழையதைப் புதுக்கும் கலை

வயலோரக் கொட்டிலில் வைக்கோலுக்கு அடியிற் கிடந்து மீட்கப்பட்ட ஒரு பழங்காரை எண்ணிப் பாருங்கள். அதனைச் சீர்செய்யப் புகுவோர் முதலிற் செய்வது சுத்தியலை எடுப்பதன்று. ஒவ்வோர் உறுப்பையும் இருந்தபடியே படம்பிடித்து, இலக்கமிட்டு, குறிப்பெழுதி வைப்பதே. அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் வெட்டப்பட்ட இலக்கங்களை ஆராய்ந்து, இவ்வுடலும் இவ்வுயிரும் ஆதியில் ஒன்றாய்ப் பிறந்தவைதாமா என்று தெளிகின்றனர்.

அக்காலக் கார்களில் வெளியே தெரிவது உலோகத் தகடானாலும், உள்ளே அதனைத் தாங்குவது பெரும்பாலும் மரச்சட்டமே. ஆகவே தச்சர் வேண்டும். உக்கிய சட்டத்தை அகற்றி, அதே வளைவில் புதிய மரத்தைச் செதுக்கிப் பொருத்தவேண்டும். பின்பு தகடு அடிப்பவர் அலுமினியத் தகட்டைச் சிறிது சிறிதாகத் தட்டி, கண்ணும் கையும் காட்டும் அளவில் வளைக்கின்றார். இருக்கைக்குத் தோல் தைப்பவர் ஒருவர். வர்ணம் பூசுபவர் ஒருவர். பிரான்சின் பந்தய நிறம் நீலம் என்பதால், எந்த நீலம் என்பதிலேயே நீண்ட விவாதங்கள் எழுவதுண்டு.

எஞ்சினோ பொறுமைக்கு ஒரு சோதனை. 35 ஆம் வகைப் புகாட்டியிற் சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பு. மற்றக் கார்களில் தலையை மட்டும் கழற்றி வால்வைச் சீர்செய்துவிடலாம். இங்கோ சிலிண்டர்த் தொகுதி முழுவதையும் மேலே தூக்கினாலன்றி வால்வைத் தொடமுடியாது. அதன் சுழல்தண்டும் பல துண்டுகளை இணைத்து ஆக்கப்பட்டது. குண்டுகளின்மேலும் உருளைகளின்மேலும் சுழல்வது. மயிரிழை பிசகினாலும் அத்தனை உழைப்பும் பாழாகும்.

சீர்செய்வோரிடையே தீராத வழக்கொன்றும் உண்டு. உக்கியதையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால், ஈற்றில் எஞ்சுவது பழைய காரா, புதிய காரா? பளபளவென்று மின்னும் வர்ணத்தின் கீழ் ஓட்டியவரின் கைபட்டுத் தேய்ந்த தழும்புகள் மறைந்துபோகின்றன அல்லவா? இதனாலேயே, தொடாமல் விட்டிருந்த கார்களுக்கு இக்காலத்திலே தனி மதிப்பு ஏற்பட்டிருக்கின்றது.

இரு சகோதரரின் ஆசை

இனிக் கதைக்கு வருவோம். ஹான்ஸ் ஷ்லும்ப், பிரிட்ஸ் ஷ்லும்ப் என்போர் சகோதரர். சுவிற்சர்லாந்துக் குடிகள், அல்சாஸ் மாகாணத்திலே கம்பளி ஆலைகள் பலவற்றுக்கு முதலாளிகளாய் உயர்ந்தவர்கள். இளையவராகிய பிரிட்ஸுக்குப் புகாட்டிமீது தணியாத காதல். தாம் வாங்கிய முலூஸ் நகரத்துப் பழைய நூல் ஆலை ஒன்றைத் தமது கார்களுக்கு உறைவிடமாக்கினார்.

1960 ஆம் ஆண்டுகளில் அந்த ஆசை வெள்ளமாய்ப் பெருகிற்று. உலகெங்குமுள்ள புகாட்டி உரிமையாளர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. 1962 என்ற ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய ஐம்பது புகாட்டிகள் அவர் கைக்கு வந்தன. 1963 இல் மொல்செம் தொழிற்சாலை கைமாறியபோது, புகாட்டி குடும்பத்துக்கே உரியனவாய் இருந்த 18 கார்களை வாங்கினார். எத்தோரே தாமே ஏறிய “ரோயால்” கார் அவற்றுள் ஒன்று. 1964 இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் ஒருவர் சேர்த்து வைத்திருந்த முப்பது புகாட்டிகள் 85,000 டொலருக்கு விலையாயின. ரயில் வண்டியில் வரிசையாக ஏறி, பின் கடல் கடந்து அவை முலூஸ் வந்து சேர்ந்தன.

ஆலைக்குள்ளே தச்சர், தோல் தைப்போர், மெக்கானிக்குகள் என நாற்பது பேர்வரை வேலைசெய்தனர். அங்கு நடப்பதை வெளியிற் சொல்லுவதில்லை என்று அவர்கள் உறுதி கொடுத்திருந்தனர். பாரிஸ் நகரத்து மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின் விளக்குத் தூண்களைப் பார்த்து வார்த்த நூற்றுக்கணக்கான தூண்கள், கார்களின் இடையே தோட்டத்து நடைபாதைபோல் நிரைநிரையாய் நாட்டப்பட்டன. தம்மை வளர்த்த அன்னை ஜேன் அம்மையாரின் நினைவுக்கே சகோதரர் இவ்விடத்தைக் காணிக்கையாக்க எண்ணினர். தாயன்பும் கலையன்பும் ஒன்றுகூடிய ஆலயம் என்றே அதனைச் சொல்லலாம். ஆனால் அதன் கதவு யாருக்கும் திறக்கவில்லை.

பூட்டு உடைந்த நாள்

1970 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நெசவுத் தொழில் நலிந்தது. 1976 இல் சகோதரரின் ஆலைகளில் வேலைநீக்கம் தொடங்கிற்று, வேலைநிறுத்தம் மூண்டது. ஏறக்குறைய 2,000 தொழிலாளரின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. கொதித்தெழுந்த தொழிலாளர் முதலாளிகளின் மனையைச் சூழ்ந்தனர். பொலிஸ் காவலுடன் வெளியேறிய சகோதரர், எல்லையைக் கடந்து சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றனர். மீண்டும் தம் கார்களிடையே முதலாளிகளாய் வாழும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை.

1977 மார்ச் 7 ஆந் திகதி தொழிற்சங்கத்தினர் முலூஸ் ஆலையினுள் புகுந்தனர். உள்ளே கண்ட காட்சி அவர்களைத் திகைக்கச் செய்தது. தூசு படியாத தரையிலே, அழகிய தூண் விளக்குகளின் கீழே, நானூறுக்கும் மேற்பட்ட கார்கள்! அவற்றுள் 120 இற்கும் மேற்பட்டவை புகாட்டிகள். சம்பளம் கேட்டபோது பணமில்லை என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு, அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைக் கண்கள் அன்று சொல்லின.

அந்தக் கோபத்தில் அவர்கள் அத்தனையையும் நொறுக்கியிருக்கலாம். சீர்செய்யப்படாத சிறிய ஒஸ்ரின் காரொன்று எரிக்கப்பட்டது என்பர். அதற்கு மேல் அழிவு நிகழவில்லை. ஆலையைத் தம் வசம் வைத்திருந்த இரண்டு ஆண்டுகளும், தொழிலாளர் அதற்குத் “தொழிலாளர் ஆலை” எனப் பெயரிட்டு, கதவைத் திறந்து, ஊர் மக்களை உள்ளே அழைத்தனர். முதலாளி யாருக்கும் காட்டாது மறைத்த அழகைத் தொழிலாளியே உலகுக்குக் காட்டினான். இக்கதையில் நம் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே.

கார்களைத் துண்டுதுண்டாக ஏலத்தில் விற்கும் ஆபத்து அடுத்து வந்தது. 1978 இல் பிரெஞ்சு அரசு இத்தொகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. 1981 இல் முலூஸ் நகரசபையும் பிற அமைப்புகளும் சேர்ந்த சங்கம் ஒன்று நாலு கோடியே நாற்பது இலட்சம் பிராங்குக்கு அதனை வாங்கிற்று. 1982 இல் தேசிய மோட்டார்க் கார் அருங்காட்சியகமாக அது திறக்கப்பட்டது. ஹான்ஸ் 1989 இலும் பிரிட்ஸ் 1992 இலும் காலமாயினர். சகோதரரின் பெயர் பின்னர் அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்க்கப்பட்டது. அதுவும் நியாயமே. அவர்களது ஆசை இல்லையேல், அக்கார்களிற் பல பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஏரியிலிருந்து எழுந்த கார்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றையும் கூறி முடிப்போம். சுவிற்சர்லாந்தின் அஸ்கோனா என்னும் ஊரருகே, மஜோரே ஏரியின் அடியில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு புகாட்டி பல்லாண்டுகளாகப் புதைந்து கிடந்தது. 1925 ஆம் ஆண்டுக்குரிய சிறிய விளையாட்டுக் கார் அது. சுங்கவரி செலுத்தப்படாமையால் அதிகாரிகள் சங்கிலியிற் கட்டி நீரில் இறக்கினர் என்றும், நாளடைவிற் சங்கிலி அறுந்தது என்றும் ஊரார் கூறுவர். 1967 இல் நீர்மூழ்கி ஒருவர் அதனைக் கண்டார். அதன்பின் அங்கே சுழியோடும் சங்கத்தினர்க்கு அது பழகிய நண்பனாயிற்று. மேலே எடுக்க அவர்கள் எண்ணவில்லை.

2008 இல், அச்சங்கத்தாருக்கு வேண்டிய இளைஞர் ஒருவர் வீதியிற் சிலரால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இளைஞரிடையே வன்முறையைத் தடுக்க அவர் பெயரால் ஓர் அறநிதி தொடங்கப்பட்டது. அந்த நிதிக்காகவே, 2009 யூலை மாதத்திற் சங்கத்தினர் அக்காரை வெளியே கொண்டுவந்தனர். 2010 சனவரியிற் பாரிஸ் நகர ஏலத்தில், துருப்பிடித்துப் பாதி கரைந்த அந்தக் கூடு ஏறக்குறைய 2 இலட்சத்து 60 ஆயிரம் யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கர் அதனைப் புதுக்கவில்லை. ஏரியின் சேறும் துருவும் தோன்ற, இருந்தபடியே காட்சிக்கு வைத்தார்.

ஓரிடத்திலே கார்களின் பொருட்டு மனிதர் மறக்கப்பட்டனர். மற்றோரிடத்திலே ஒரு மனிதனின் பொருட்டுக் கார் நினைக்கப்பட்டது. பழைய பொருளைப் போற்றுதல் நல்ல குணமே. பழைய கடிகாரத்தையோ, பாட்டனாரின் சைக்கிளையோ துடைத்து எண்ணெயிட்டு வைக்கும் பிள்ளையை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதனை ஆக்கிய கையும், அதற்காக உழைத்த கையும் அந்தப் பொருளினும் பெரியவை. முலூஸ் அருங்காட்சியகத்திலே காரின் பெயர், செய்தவர் பெயர், சேர்த்தவர் பெயர் ஆகிய யாவும் உண்டு. அத்தனை காரையும் கோபத்தின் நடுவே காப்பாற்றிய நூல் ஆலைத் தொழிலாளரின் பெயரையும், செல்வோர் மனத்தில் எழுதிக்கொள்வார்களாக.