பயிற்சியாளர்கள் மாறினர், வீரர்கள் நீடித்தனர்: கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் டிராஃப்ட் கணக்கைப் படிப்பது எப்படி?

பாலக்காடு: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி சறுக்கும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரு பழைய விவாதம் மீண்டும் தலைதூக்குகிறது. எந்தத் தலைமைப் பயிற்சியாளரின் காலத்தில் அணி சரியான இந்திய வீரர்களைத் தேர்ந்தெடுத்தது என்பதே அந்த விவாதம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழ் ரசிகர்களுக்கு இதில் கூடுதல் சுவை உண்டு. ஒரு பக்கம் கொச்சியின் மஞ்சள் சட்டை, மறுபக்கம் சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டை என்று இரு அணிகளையும் அருகிலிருந்து பார்ப்பவர்கள் அவர்கள்.

பொதுவாகச் சொல்லப்படும் விடை எளிமையானது: டேவிட் ஜேம்ஸ் நல்ல வீரர்களை எடுத்தார், பீட்டர் டெய்லர் தவறவிட்டார், ஸ்டீவ் கோப்பல் இருந்ததை வைத்துச் சாதித்தார், ரெனே மியூலென்ஸ்டீன் ஏமாற்றினார். தேதிகளையும் புள்ளிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த விடையின் பெரும்பகுதி நிற்பதில்லை.

டிராஃப்ட் என்றால் என்ன?

டிராஃப்ட் என்பது ஏலம் அன்று. தேர்வுக்குரிய வீரர்களின் பட்டியல் ஒன்று முன்கூட்டியே தயாரிக்கப்படும். அணிகள் சுற்றுமுறையில், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற அளவில், அதிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். ஓர் அணி எடுத்த வீரரை மற்றோர் அணி அதிக விலை கூறிப் பறிக்க முடியாது. அமெரிக்க கால்பந்து லீக்கான என்எஃப்எல் 1936 முதல் இம்முறையைப் பின்பற்றுகிறது. முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்பது அங்குள்ள விதி. ஐரோப்பியக் கால்பந்தில் இந்த வழக்கமே இல்லை. அங்கிருந்து கொச்சிக்கு வந்த பயிற்சியாளர்களுக்கு இது பழக்கமற்ற களம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐஎஸ்எல் தொடங்கிய 2014, அடுத்த 2015, பின்னர் 2017 ஆகிய ஆண்டுகளில் உள்நாட்டு வீரர்களுக்கான டிராஃப்ட் மும்பையில் நடைபெற்றது. முதல் மூன்று பருவங்களில் ஆடும் பதினோருவரில் குறைந்தது ஐந்து பேர் இந்தியர்களாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2017-18 பருவத்தில் அது ஆறாக உயர்ந்தது. எனவே டிராஃப்டில் நேரும் பிழையின் விலையும் அந்த ஆண்டில் உயர்ந்தது.

ஜேம்ஸ் பெயரில் எழுதப்பட்ட கணக்கு

2014 ஜூலையில் நடந்த முதல் டிராஃப்டுக்குப் பின் அமைந்த பிளாஸ்டர்ஸ் அணியில் மெஹ்தாப் ஹுசைன், இஷ்ஃபாக் அகமது, சந்தீப் நந்தி போன்ற அனுபவசாலிகள் இருந்தனர். வயநாட்டைச் சேர்ந்த சுஷாந்த் மேத்யூவும் இருந்தார். அவர்களுடன், அந்த மாதம்தான் 21 வயதை எட்டிய சண்டிகர் இளைஞர் சந்தேஷ் ஜிங்கனும் இருந்தார். பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருது ஜிங்கனுக்குக் கிடைத்தது. 2020 வரை பிளாஸ்டர்ஸ் தற்காப்பின் முகமாக அவரே விளங்கினார்.

இந்தப் பெருமை ஜேம்ஸைச் சேர்வதே வழக்கம். ஆனால் ஜேம்ஸ் தலைமைப் பயிற்சியாளராகவும் நட்சத்திர வீரராகவும் அறிவிக்கப்பட்டது 2014 ஆகஸ்ட்டில். டிராஃப்ட் முடிந்து சில வாரங்கள் கழிந்திருந்தன. அதாவது, கேரளத்தின் மிகச் சிறந்த டிராஃப்ட் தேர்வு என்று கருதப்படும் ஜிங்கன், எந்தப் பயிற்சியாளரின் பெயரில் வரவு வைக்கப்படுகிறாரோ அவர் பொறுப்பேற்கும் முன்பே பட்டியலில் இடம்பெற்றுவிட்டார்.

ஜேம்ஸின் பங்கு வேறு வகையானது. அந்தப் பருவத்தின் லீக் சுற்றில் 14 ஆட்டங்களில் பிளாஸ்டர்ஸ் அடித்தவை 9 கோல்கள் மட்டுமே. 11 கோல்களை மட்டும் விட்டுக்கொடுத்ததால் 19 புள்ளிகளுடன் நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்குச் சென்றது. கையில் கிடைத்த தற்காப்பு வீரர்களை ஒழுங்குபடுத்தியது பயிற்சியாளரின் உழைப்பு. டிசம்பர் 20 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், கூடுதல் நிமிடங்களில் முகமது ரஃபீக் அடித்த கோலால் கொல்கத்தாவிடம் 0-1 எனத் தோற்றதை இங்குள்ள ரசிகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

டெய்லர் விதைத்தது, கோப்பல் அறுத்தது

2015 மே மாதம் பொறுப்பேற்ற டெய்லர், டிராஃப்டுக்கு முன்பே பதவியில் இருந்த முதல் பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர். ஆகவே அவரைத் தேர்வுக்குப் பொறுப்பாளியாக்குவதில் ஓரளவு நியாயம் உண்டு.

அந்த ஆண்டு டிராஃப்டுடன் பத்து இந்திய வீரர்களுக்குத் தனி ஏலமும் நடைபெற்றது. சுனில் சேத்ரி 1.20 கோடி ரூபாய்க்கு மும்பை அணிக்கும், யூஜின்சன் லிங்டோ 1.05 கோடிக்கு புனே அணிக்கும் சென்றனர். திருச்சூரின் ரினோ ஆன்டோவை 90 லட்சத்துக்குக் கொல்கத்தா எடுத்தது. மலப்புரத்தின் அனஸ் எடத்தொடிகாவை 41 லட்சத்துக்கு டெல்லி எடுத்தது. பிளாஸ்டர்ஸ் பத்துப் பேரில் ஒருவரையும் வாங்கவில்லை. கேரளத்தின் இரு சிறந்த தற்காப்பு வீரர்கள் கேரள அணிக்கு எதிராக ஆடும் நிலை இப்படித்தான் உருவானது.

விளைவு உடனே தெரிந்தது. முதல் ஆட்டத்தில் வெற்றி, அடுத்ததில் சமநிலை, பின் தொடர்ந்து நான்கு தோல்விகள். அக்டோபர் 28 அன்று டெய்லர் விலகினார். ட்ரெவர் மோர்கன் தற்காலிகமாகவும், பின்னர் டெர்ரி ஃபெலனும் அணியை வழிநடத்தினர். 13 புள்ளிகளுடன் பிளாஸ்டர்ஸ் கடைசி இடம் பெற்றது. இதில் ஒரு விந்தை உண்டு: அந்தப் பருவத்தில் அணி 22 கோல்களை அடித்தது, முந்தைய ஆண்டின் இரு மடங்குக்கும் மேல். ஆனால் 27 கோல்களை விட்டுக்கொடுத்தது. ஏலத்தில் கைவிட்டது எந்தப் பகுதி வீரர்களை என்பதை இந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

ஆயினும் 2015 முழுத் தோல்வி அன்று. காசர்கோட்டின் முகமது ரஃபியும், கண்ணூரின் சி.கே.வினீத்தும் மஞ்சள் சட்டை அணிந்தது அந்த ஆண்டில்தான். அவர்களின் பலன் டெய்லரின் கணக்கில் சேரவில்லை. 2016இல் கோப்பலின் கீழ் பிளாஸ்டர்ஸ் லீக் சுற்றில் இரண்டாம் இடம் பிடித்து இறுதிக்குச் சென்றபோது, பருவத்தின் நடுவே அணியில் இணைந்த வினீத் ஐந்து கோல்கள் அடித்தார். கொச்சியில் டிசம்பர் 18 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் மெஹ்தாபின் கார்னரை ரஃபி தலையால் முட்டி முதல் கோலாக்கினார். அந்த ஒரே கோலில் 2014இல் வந்தவரும் 2015இல் வந்தவரும் சேர்ந்திருந்தனர். வெளியே நின்று கைதட்டிய பயிற்சியாளர் இருவரையும் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஆட்டம் 1-1 என முடிந்து, பெனால்டியில் கொல்கத்தா 4-3 என வென்றது.

கோப்பலின் மதிப்பீடு எத்தகையது என்பதற்கு அடுத்த ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. புதிய ஜாம்ஷெட்பூர் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்ற அவரது அணி, 2017 டிராஃப்டில் மெஹ்தாப் ஹுசைனை எடுத்துக்கொண்டது. இஷ்ஃபாக் அகமது அங்கே உதவிப் பயிற்சியாளர் ஆனார்.

2017: ஒரே பட்டியல், இரு பயிற்சியாளர்கள்

பயிற்சியாளரின் பங்கையும் டிராஃப்டின் பங்கையும் பிரித்துப் பார்க்க உதவும் ஆண்டு ஒன்று உண்டெனில் அது 2017-18 பருவமே. ஜூலை 23 அன்று நடந்த டிராஃப்டில் 205 வீரர்கள் பட்டியலில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் விலை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஜிங்கனையும் வினீத்தையும் பிளாஸ்டர்ஸ் தக்கவைத்துக்கொண்டது. எவரையும் தக்கவைக்காத அணிகளுக்கு முதலில் தேர்வு செய்யும் உரிமை கிடைத்ததால், பிளாஸ்டர்ஸின் முறை வரும் முன்பே அனஸை 1.10 கோடி ரூபாய் விலையில் ஜாம்ஷெட்பூர் எடுத்துவிட்டது. சொந்த ஊர்க்காரரைக் கைவிட்டார்கள் என்று அப்போது எழுந்த குற்றச்சாட்டு, விதியைப் படிக்காமல் எழுந்தது. இரு நட்சத்திரங்களைத் தக்கவைத்ததற்கு அணி கொடுத்த விலை அது.

பிளாஸ்டர்ஸ் ரினோ ஆன்டோவை முதலாவதாக எடுத்தது. ஜாக்கிசந்த் சிங், மிலன் சிங், அராட்டா இசுமி, கோல்காப்பாளர் சுபாஷிஷ் ராய் சௌத்ரி ஆகியோரும் வந்தனர். அதிகம் பேசப்படாமல் வந்த மிசோரம் இளைஞர் லால்ருவாத்தாரா, பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதைப் பெற்றார்.

தலைமைப் பயிற்சியாளர் மியூலென்ஸ்டீன் நியமிக்கப்பட்டு பத்து நாள்கள்கூட ஆகாத நிலையில் இந்த டிராஃப்ட் நடந்தது. இந்தியக் கால்பந்தை நன்கறிந்த தங்போய் சிங்டோ அவருக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். மியூலென்ஸ்டீனின் கீழ் அணி ஆடியவை 7 ஆட்டங்கள். ஒரு வெற்றி, நான்கு சமநிலை, இரு தோல்வி எனக் கிடைத்தவை 7 புள்ளிகள். 2018 ஜனவரி 2 அன்று அவர் விலக, மறுநாளே டேவிட் ஜேம்ஸ் திரும்பி வந்தார். எஞ்சிய 11 ஆட்டங்களில் ஐந்து வெற்றி, மூன்று சமநிலை, மூன்று தோல்வி எனக் கிடைத்தவை 18 புள்ளிகள். டிராஃப்ட் பட்டியலில் ஒரு பெயரும் மாறவில்லை.

இதை வைத்து ஜேம்ஸே சிறந்தவர் என்று முடிவு கட்டவும் இயலாது. ஜனவரியில் கிசிட்டோ கெசிரோன் என்ற புதிய வெளிநாட்டு நடுக்கள வீரர் வந்தார், இயன் ஹியூமும் கோல் அடிக்கத் தொடங்கினார். மொத்தம் 25 புள்ளிகளுடன் பிளாஸ்டர்ஸ் ஆறாம் இடத்தில் நின்றது. அதே பருவத்தில் ஜான் கிரிகரியின் சென்னையின் எஃப்சி கோப்பையை வென்றது. பிளாஸ்டர்ஸின் இறுதி ஆட்டக் கோலை அடித்த ரஃபி அப்போது சென்னை அணியில் இருந்தார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஜேஜே இரு கோல்களும், சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ஒரு கோலும் அடித்தனர்.

பட்டியலில் இடம்பெறும் வழி

இந்த ஒப்பீடுகள் அனைத்திலும் பெரும்பாலும் கேட்கப்படாத ஒன்று உண்டு. மலையோர மைதானத்தில் ஆடும் ஒரு சிறுவன் டிராஃப்ட் பட்டியலில் இடம்பெற வழி இருந்ததா?

2014 முதல் 2017 வரை டிராஃப்ட் நடந்த காலத்தில் கேரளத்திலிருந்து ஐ-லீக்கில் ஆடிய அணி ஒன்றுகூட இல்லை. முன்பிருந்த அணி 2012இல் மறைந்துவிட்டது. கோகுலம் கேரளா 2017-18 பருவத்தில்தான் நுழைந்தது. ஆகவே ரினோ, அனஸ், ரஃபி, வினீத் என எல்லோரும் பெங்களூரு, புனே, கொல்கத்தா, கோவா போன்ற வெளியூர்களில் பெயர் எடுத்த பிறகே பட்டியலை எட்டினர். டிராஃப்ட் வீரர்களைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பங்கிட்டது. தேயிலைத் தோட்ட அணிகள் ஃபின்லே ஷீல்டுக்காக மோதும் மூணாறு மைதானத்துக்கும் மும்பையின் டிராஃப்ட் அரங்குக்கும் இடையே படிக்கட்டு எதுவும் இருக்கவில்லை. பயிற்சியாளர் ஜேம்ஸா டெய்லரா என்பதால் அதில் மாற்றம் நேர்ந்திருக்காது.

2017க்குப் பிறகு ஐஎஸ்எல்லில் டிராஃப்ட் நடைபெறவில்லை. அணிகள் வீரர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்கின்றன. பிளாஸ்டர்ஸின் ரிசர்வ் அணியிலிருந்து எழுந்த சஹல் அப்துல் சமத் 2018-19 பருவத்தில் சிறந்த வளரும் வீரர் விருதைப் பெற்றார். டிராஃப்ட் இன்றிப் பிளாஸ்டர்ஸுக்குக் கிடைத்த முதல் விருது அது. அந்தப் பருவத்தில் அணி ஒன்பதாம் இடத்தில் முடிந்தது என்பதும், ஜேம்ஸ் பாதியில் விலகினார் என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டியவை. பாலக்காடு மாவட்டம் எடத்தநாட்டுக்கரையின் வி.பி.சுஹைர், கொல்கத்தா அணிகளில் ஆடி, நார்த் ஈஸ்ட் யுனைடெட் வழியே இந்திய அணியை எட்டியதும் டிராஃப்ட் ஓய்ந்த காலத்தில்தான்.

2020இல் கரோலிஸ் ஸ்கின்கிஸ் விளையாட்டு இயக்குநராகப் பொறுப்பேற்றபின், வீரர் தேர்வில் பயிற்சியாளருக்கு மேல் ஒரு பதவியும் கேரளத்தில் வந்தது. 2022 மார்ச் 20 அன்று இவான் வுகோமனோவிச்சின் அணி ஹைதராபாத்துக்கு எதிராக இறுதி ஆட்டம் ஆடியபோது, 2017இல் பிளாஸ்டர்ஸ் டிராஃப்டில் எடுத்த ஒருவரும் முதல் பதினோருவரில் இல்லை. முதல் கோலை அடித்தவர் திருச்சூரின் கே.பி.ராகுல்.