கடல் தாண்டி வரவேண்டிய புற்றுநோய்ச் சோதனை

நெடுந்தீவில் ஒருவருக்கு வாய்ப்புண் ஆறவில்லை என்றால், குமுதினி அல்லது வடதாரகைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் தாண்டினால் யாழ்ப்பாணம். அதற்கும் அப்பால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. காற்றடித்தால் படகு இல்லை. "நோகேல்லைத்தானே, பிறகு பாப்பம்" என்று நாள் தள்ளிப்போகிறது. தொடக்கத்தில் வாய்ப்புற்று பெரும்பாலும் நோவதில்லை என்பதுதான் ஆபத்து.

நானோ மருந்து

இந்தத் தூரத்தை வெல்ல மிகச் சிறிய துகள்கள் உதவுமா? ஒரு மில்லிமீற்றரின் 10 லட்சத்தில் ஒரு பங்கே நானோமீற்றர். டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சுமார் 100 நானோமீற்றர் அளவுக் கொழுப்புப் பைகளில் அடைத்த ஊசிக்கு 1995இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கட்டியின் இரத்தக்குழாய்கள் கசிவுள்ளவை. அவற்றினூடாக இப்பைகள் உள்ளே புகும். இம்மருந்து இதயத்துக்குத் தரும் பாதிப்பும் குறைந்தது. ஆனாலும் செலுத்தும் துகள்களில் மிகச் சிறு பங்கே கட்டியை அடைகிறது.

சிறுநீரில் தெரியும் செய்தி

தீவுகளுக்கு மருந்தைவிட முக்கியம் சோதனை என்பேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், மருத்துவமும் பொறியியலும் படித்த, இந்தியப் பெற்றோரின் மகளான சங்கீதா பாட்டியாவின் குழு ஒரு வழி கண்டது. நானோ துகள்களை உடலில் செலுத்துவார்கள். கட்டி சுரக்கும் நொதிகள் துகளின் மேலுள்ள சிறு புரதத் துண்டுகளை வெட்டிவிடும். வெட்டுண்ட துண்டுகள் சிறுநீரில் இறங்கும். கடதாசிப் பட்டி அவற்றைக் காட்டும். 2014இல் எலிகளில் இது பலித்தது. பெரிய இயந்திரம் தேவைப்படாத இப்படியான சோதனை, மனிதரிலும் நிரூபணமாகி வந்தால், படகில் ஏறி நெடுந்தீவுக்கே வரும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் உண்டு, கிளிநொச்சியில் பொறியியல் பீடமும் உண்டு. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து தீவுகளுக்கான சோதனையை யோசிக்க வேண்டும்.

அதுவரை

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடுவது நம் ஊர்களில் பழகிப்போன வழக்கம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண், கட்டி, வாயை முழுதாகத் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகளில் முதலில் வாயைக் காட்டுங்கள். தெல்லிப்பழைக்கு அனுப்பினால், அடுத்த படகிலேயே போங்கள்.