சொந்த மரத்துக்கும் அனுமதி

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்து மரம் வீட்டுக்காரரின் சொத்து. ஆனால் அதை வெட்டவும் கிளை கழிக்கவும் அவருக்குள்ள உரிமை எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தெருவில் ஒருவர் தம் மரத்தை யாரையும் கேட்காமல் சாய்த்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பச்சைக் கிளையைத் தொட்டாலும் வழக்கு வரலாம். இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளூர் கவுன்சில் பிறப்பிக்கும் மரப் பாதுகாப்பு ஆணை.

இந்த அதிகாரம் 1947-ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்திலேயே கவுன்சில்களுக்குத் தரப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பவை 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012-இல் வந்த விதிகளும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு இவற்றை ஒட்டிய தனி விதிகள் உண்டு.

ஒரு மரத்தால் ஊருக்கு அழகும் நலமும் சேர்கின்றன என்று கவுன்சில் கருதினால் ஆணை பிறப்பிக்கலாம். எது அழகு, எது நலம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. சாலையிலிருந்தோ பொது இடத்திலிருந்தோ மரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை அதிகாரிகள் முதலில் பார்ப்பார்கள். அதன் அளவு, வடிவம், அரிய தன்மை, இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பவை அடுத்து வரும். நடந்து போகிறவருக்கு மரத்தைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பைத்தான் இந்தச் சட்டம் முக்கியமாகக் காக்கிறது. நாலு சுவருக்குள் யார் கண்ணுக்கும் படாமல் நிற்கும் மரத்துக்கு ஆணை கிடைப்பது அரிது. தனி மரம், மரக்கூட்டம், ஒரு பரப்பிலுள்ள எல்லா மரங்களும், சிறு காடு என நான்கு வகையில் ஆணை இடலாம். ஓக், பைன், ஆப்பிள் எதுவானாலும் சரி. புதர்களுக்கும் செடிவேலிகளுக்கும் மட்டும் இது பொருந்தாது.

வயது முதிர்ந்த மரம் என்பதற்காகத் தானாக எந்தப் பாதுகாப்பும் வந்துவிடாது. வட லண்டனின் என்ஃபீல்ட் பகுதியில் பல நூற்றாண்டு கண்ட ஓக் மரம் ஒன்று 2025 ஏப்ரலில் கடுமையாக வெட்டப்பட்டபோதுதான், அதற்கு ஆணையே இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. எஞ்சிய அடிமரத்துக்குக் கவுன்சில் அதன் பிறகு ஆணையிட்டது. யாராவது கவனித்து முன்கூட்டியே கவுன்சிலிடம் சொன்னால்தான் மரம் பட்டியலில் ஏறும் என்பதே இந்த முறையின் பெரிய ஓட்டை.

ஆணை பிறந்த நாளிலிருந்தே அது தற்காலிகமாகச் செல்லும். வீட்டுக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எதிர்ப்புத் தெரிவிக்க 28 நாள் அவகாசம் உண்டு. கவுன்சில் 6 மாதத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்தத் தற்காலிகக் காவல் முடிந்துவிடும். உறுதி செய்தால் நிலப் பொறுப்புகள் பதிவேட்டில் அது ஏறி, வீடு கைமாறினாலும் மரத்தோடு தொடரும். வீடு வாங்குகிறவரின் வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது வழக்கம். ஹாரோ, குரொய்டன் போன்ற இடங்களில் வீடு வாங்கிப் பின்கட்டை நீட்டிக் கட்டும் தமிழ்க் குடும்பங்களும் இந்தத் தேடலின் முடிவைக் கவனித்துப் படிப்பது நல்லது.

ஆணைக்கு உட்பட்ட மரத்தை வெட்டுவது, வேரோடு பிடுங்குவது, உச்சியை முறிப்பது, கிளை கழிப்பது, வேண்டுமென்றே சேதப்படுத்துவது எல்லாம் அனுமதி இல்லாமல் கூடாது. வேரை அறுப்பதும் இதில் அடங்கும். சுற்றுச்சுவருக்கு அடித்தளம் தோண்டுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. எந்த மரம், என்ன வேலை, எதற்காக என்பதைக் குறித்த படிவத்தில் எழுதித் தர வேண்டும். "கொஞ்சம் கழிக்க வேண்டும்" என்று எழுதினால் படிவம் திரும்பி வரும். உச்சியைச் சுற்றிலும் எத்தனை மீட்டர் குறைப்பது, தாழ்ந்த கிளைகளைத் தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை எடுப்பது என்று அளவோடு சொல்ல வேண்டும். மரத்துக்கு நோய் என்றாலோ, வேரால் சுவர் வெடிக்கிறது என்றாலோ அதற்கேற்ற நிபுணர் அறிக்கை வேண்டும். உச்சியை ஒட்ட வெட்டி மொட்டையாக்கும் வேலையை அதிகாரிகள் விரும்புவதில்லை. அப்படி வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும். புதிதாக வெடிக்கும் கிளைகளும் பிடிமானம் குறைந்தே வளரும்.

கவுன்சில் 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல்முறையீடு செய்ய வழி திறக்கும், அவ்வளவுதான். மறுப்பு வந்தால் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த அனுமதி வழக்கமாக 2 ஆண்டுக்குச் செல்லும்.

மறுக்கும் கவுன்சிலுக்கும் பொறுப்பு உண்டு. மறுத்ததால் ஏற்பட்ட இழப்பு 500 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்காரர் 12 மாதத்துக்குள் இழப்பீடு கேட்கலாம். தென்கிழக்கு இங்கிலாந்தில் இது பெரிய விஷயம். லண்டனின் களிமண் நிலம் ஈரம் இருந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வறண்ட கோடையில் ஓக்கும் வில்லோவும் பாப்லரும் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சிவிட, அடித்தளம் இறங்கிச் சுவர் விரிசல் விடும். 1976-ஆம் ஆண்டு வறட்சிக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். விரிசல் கண்டதும் மரத்தை எடுக்கச் சொல்லித்தான் அவர்கள் கேட்பார்கள்; கவுன்சில் மறுத்தால் இழப்பீட்டுப் பேச்சு எழும்.

சில வேலைகளுக்கு அனுமதி வேண்டாம். பட்ட மரத்தையும் பட்ட கிளையையும் எடுக்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் அதை நீக்கத் தேவையான அளவுக்கு வெட்டலாம். பழமரத்தை முறையாகக் கவாத்து செய்வதற்கும் தடையில்லை. பட்டுக்கொண்டிருக்கும் மரத்துக்கும் முன்பு விலக்கு இருந்தது. 2012 விதிகள் அதை எடுத்துவிட்டன. எந்த மரத்தையும் 'சாகப் போகிறது' என்று சொல்லிவிடலாம் என்பதால் இது நல்ல திருத்தம். பட்ட மரமானாலும், அவசரம் இல்லையென்றால், 5 வேலை நாள் முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பின் படங்களை எடுத்து வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம். மரம் பட்டிருந்தது என்பதைப் பிறகு மெய்ப்பிக்க வேண்டியவர் வெட்டியவரே.

தனி ஆணை இல்லாத மரமும் மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் நின்றால் நிலைமை வேறு. பழைய தெருக்களையும் கட்டடச் சூழலையும் காக்க 1967-இல் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று இங்கிலாந்தில் இத்தகைய பகுதிகள் ஏறத்தாழ 10,000. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 75 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதில் கைவைக்க 6 வாரம் முன்பே அறிவிப்புத் தர வேண்டும். இங்கே கவுன்சில் மறுப்பு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. தடுக்க விரும்பினால் அந்த மரத்துக்கு ஆணை பிறப்பிக்க வேண்டும். 6 வாரம் வாய் திறக்காமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஆணையுள்ள மரத்தில் கவுன்சிலின் மௌனம் தடை, இங்கே அதே மௌனம் சம்மதம். இந்தக் குழப்பத்தில் பலர் தவறிவிடுகிறார்கள்.

அண்டை வீட்டுச் சண்டைகளுக்குக் கவுன்சிலை விட நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டுகின்றன. எல்லை தாண்டி வந்த கிளையை எல்லைக் கோடு வரை வெட்டலாம் என்று 1894-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வெட்டிய கிளை மரத்துக்காரருடையதே. அதில் காய்த்த பழமும் அவருடையதே: பக்கத்து வீட்டு ஆப்பிளைப் பறித்து விற்றவர் அதன் விலையைத் தர வேண்டும் என்று 1919-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் மரத்துக்கு ஆணை இருந்தால், எல்லை தாண்டிய கிளைக்கும் பொதுவாக அனுமதி வேண்டும்.

உயர்ந்த பசுமை வேலிகளுக்குத் தனி வழி இருக்கிறது. வரிசையாக நிற்கும் இரண்டோ அதற்கு மேலோ ஆன பசுமை மாறா மரங்கள் 2 மீட்டரைத் தாண்டி வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சிலிடம் முறையிடலாம். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும்; கவுன்சில் கட்டணமும் வாங்கலாம். வேலியை 2 மீட்டருக்குக் கீழே வெட்டும்படி உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை.

அனுமதி கிடைத்தாலும் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் கவனம் வேண்டும். பறவை இருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி தனிக் குற்றம். வௌவால் தங்கும் பொந்துக்கும் பாதுகாப்பு உண்டு.

ஆணையுள்ள மரத்தை அனுமதியின்றி அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. அழிக்காமல் கிளை மட்டும் வெட்டினால் 2,500 பவுண்டு வரை. ஆணை இருப்பது தெரியாது என்ற வாதம் எடுபடாது. வெட்டச் சொன்னவரோடு வெட்டிய ஒப்பந்தக்காரரும் மாட்டலாம். குற்றவாளிக்குக் கிடைத்த ஆதாயத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். பூல் நகரில் துறைமுகக் காட்சியை மறைத்த பைன் மரத்தை வெட்டச் செய்த ஒருவருக்கு 2012-இல் 75,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. காட்சி திறந்ததால் வீட்டின் மதிப்பு கூடியதற்காக மேலும் 50,000 பவுண்டு பறிமுதலானது. இப்படிச் சட்டத்தை மீறி வெட்டிய இடத்தில் ஏற்ற வகை மரம் ஒன்றை நிலத்துக்காரர் நட வேண்டும். பழைய ஆணை புதுக் கன்றுக்கும் பொருந்தும். நடாவிட்டால் கவுன்சில் 4 ஆண்டுக்குள் அறிவிப்பு அனுப்பலாம். அதற்குள் வீடு விற்கப்பட்டிருந்தால் நடும் கடமை வாங்கியவர் தலையில் விழும்.